லால் என்றொரு ஆள்

கம்பளத்தைக் கண்டால் ஓரத்தைப் புரட்டி அதன் முதுகைப் பார்க்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. போன மாதம் திருச்சியில், என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவளுடைய மகன் புதுவீடு குடிபோனான். அங்கே கூடத்தில் விரித்திருந்த கம்பளத்தை நான் குனிந்து புரட்டியபோது எல்லோரும் சிரித்தார்கள். "வெலைச் சீட்டத் தேடுறியா?" என்றாள் அவள். நான் முடிச்சைத் தேடினேன். மெஷினில் ஓடியது போலிருக்கிறது, முதுகில் பசை தடவிய துணிதான் இருந்தது.

அறுபதை நெருங்கும் உங்களில் அன்னவாசல் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஊருக்கு வெளியே இருந்த பழைய நெல் குடோன் நினைவிருக்கலாம். ஈரானில் ஏதோ கலவரம் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த காலம். பொங்கல் கழிந்ததும் சர்க்கார் ஆட்கள் அந்தக் குடோனைக் கழுவி, வெள்ளையடித்து, மரத்தறிகளை நிறுத்தி, பயிற்சிச் சென்டர் என்று பெயர் வைத்தார்கள். பாரசீகக் கம்பளம் கையால் முடிகிற வேலையை நம்மூர்ப் பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவார்களாம். மாதம் கொஞ்சம் உதவித்தொகை உண்டாம். சொல்லிக்கொடுக்க வடக்கே மிர்சாபூர் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். வெற்றிலைக்காவி படிந்த பல். ஊரில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்.

ஊர் அதை நம்பவே இல்லை. பெண்பிள்ளைகளை மட்டும் ஏன் கேட்கிறார்கள் என்பதில் தொடங்கி, வேலை பழகியதும் ரயிலேற்றி வடக்கே கொண்டுபோய்விடுவார்கள் என்பதுவரை பேச்சு போனது. எங்கள் அப்பாவுக்கு இன்னும் ஒரு சந்தேகம் கூடுதலாக இருந்தது.

"டிசைன் ஈரான்காரனோடதாம். சொல்லித் தாரவன் வடக்கத்தியானாம். நெய்ய மட்டும் அன்னவாசல் வேணுமாம். எங்கயோ இடிக்குது," என்றார்.

சந்தேகம் அப்பாவுக்குத் தொழில். அவர் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் செக்கர். புதுக்கோட்டைக்கும் விராலிமலைக்கும் இடையில் எங்காவது புளியமரத்தடியில் நின்று கைகாட்டி பஸ்ஸில் ஏறுவார். முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பார். வீட்டிலும் அப்படித்தான். நானோ அக்காவோ கொஞ்சம் தாமதமாக வந்தால், "எங்க ஏறுன, எங்க எறங்குன?" என்று கேட்பார். அது வேடிக்கைப் பேச்சு என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். பதில் சொல்லியாக வேண்டும்.

அக்கா அந்த வருஷம் பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டாம் முறையும் தோற்றிருந்தாள். அம்மாவின் தம்பிக்கு, அதாவது எங்கள் மாமாவுக்கு, அவளைக் கொடுப்பதாகப் பேச்சு. மாமா வல்லத்திராக்கோட்டையில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கல்யாணம்வரை வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அம்மாதான் அக்காவைச் சென்டரில் சேர்த்துவிட்டாள்.

அக்கா அங்கே போன பிறகுதான் நிமிர்ந்து நடக்கத் தொடங்கினாள் என்று இப்போது தோன்றுகிறது. சாயந்திரம் வந்ததும் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டே எனக்குச் சொல்வாள். ஆள் உயரத் தறி. மேலிருந்து கீழே வீணைக் கம்பி மாதிரி இழுத்துக் கட்டிய பருத்தி நூல்கள். இரண்டு நூலைச் சேர்த்துப் பிடித்து, கம்பளி இழையைச் சுற்றி வளைத்து முடிந்து, கையிலிருக்கும் வளைந்த கத்தியால் சட்டென்று அறுத்துவிட வேண்டும். அது ஒரு முடிச்சு. ஒரு வரிசை முடிந்ததும் குறுக்கே நூலை ஓட்டி இரும்புச் சீப்பால் அடித்து இறுக்க வேண்டும். நாள் முழுக்க இரண்டு பேர் உட்கார்ந்து முடிந்தாலும் விரல் அகலம்தான் ஏறும்.

எந்த இடத்தில் என்ன நிறம் என்பதை மாஸ்டர் பாட்டு மாதிரி இழுத்துச் சொல்வாராம். "தோ லால், ஏக் நீலா, தீன் சஃபேத்." பெண்கள் முடிந்துவிட்டு "ஆச்சு" என்பார்களாம். அக்காவுடைய பாவாடையிலும் சடையிலும் எப்போதும் சிவப்புக் கம்பளித் துகள் ஒட்டியிருக்கும். அப்பா அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.

பங்குனியில் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது. மத்தியானம் அம்மா நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அன்று ஓய்வுநாள். அக்கா கண்ணை மூடியபடியே முனகினாள். "லால்... லால்... ஆச்சு... லால்."

அப்பா விசிறியைக் கீழே வைத்தார்.

"யாரு லாலு?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்தார்கள். அக்கா எனக்குச் சொன்ன நிறப்பாட்டு அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வந்ததா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. அப்பா கேட்ட விதத்தில் எனக்கும் அது ஒரு ஆளின் பெயராகத்தான் கேட்டது. "தெரியாதுப்பா," என்றேன்.

அடுத்த பஸ்ஸிலேயே மாமாவுக்குச் செய்தி போனது. மாமா வந்து, நேரே சென்டர் பக்கத்து டீக்கடையில் விசாரித்துவிட்டு வீட்டுக்குள் நுழைந்தார்.

"மச்சான், அந்தாளு பேரு லால்னுதான் முடியுதாம். டீக்கடைக்காரரு சொல்றாரு. இன்னொண்ணும் சொன்னாரு. தறிக்கு முன்னால புள்ளைங்க உக்காந்திருக்கும்போது அவன் வந்து மூஞ்சிய ஒட்டி வச்சுக்கிட்டுத்தான் பேசுவானாம்."

அப்பா சட்டையை மாட்டினார். அக்காவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவளையும் கையோடு கூட்டிக்கொண்டு போனார்கள். நானும் ஓடினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

குடோனில் சீப்புச் சத்தம் நின்றது. பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். மாஸ்டர் கையில் கட்டம்போட்ட டிசைன் தாளோடு எழுந்து, அப்பாவுக்கு மிக அருகில், மூச்சுக்காற்று படுகிற தூரத்தில் வந்து நின்று முகத்தை உற்றுப் பார்த்தார். மாமா அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினார்.

"என்ன மொறைக்கிற? யாருய்யா லாலு? எங்க வீட்டுப் புள்ள காச்சல்ல பொலம்புற அளவுக்கு என்ன பண்ணி வச்சிருக்க?"

மாஸ்டர் தடுமாறித் தறிக்கட்டையைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பாதிதான் புரிந்திருக்கும். அக்கா முன்னால் வந்தாள். தறிக்கு மேலே கொடியில் தொங்கிய கம்பளிக் கண்டுகளில் ஒன்றை உருவி அப்பாவின் கையில் வைத்தாள். நல்ல ரத்தச் சிவப்பு.

"இதுதாம்ப்பா லால். செவப்பு. இது நீலா. அது சஃபேத், வெள்ள. நாள்பூரா இதத்தான் கேட்டுக்கிட்டே இருக்கோம். அதான் காச்சல்லயும் வந்திருச்சு."

பெண்களில் யாரோ சிரித்துவிட்டாள். அப்பா அந்தக் கண்டைப் பார்த்தார். தறியைப் பார்த்தார். அக்காவின் விரல்களில் கத்தி கீறிய தழும்புகளைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. டிக்கெட் சரியாக வைத்திருந்த ஒருவரை அவசரப்பட்டு இறக்கிவிட்டு வந்த நாளில் அவர் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

"கத கட்டுறா மச்சான். ரெண்டு பேருஞ் சேந்து பேசி வச்சிருக்காங்க," என்றார் மாமா.

அப்பா கண்டைத் தறிமேல் வைத்தார். "நாளைலேருந்து பொண்ணு வராது," என்று சொல்லிவிட்டு நடந்தார். இத்தனை பேர் பார்க்க வந்துவிட்டு, தவறு என் பேரில் என்று சொல்லித் திரும்பும் வழி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அக்கா அழவில்லை. சாப்பிட்டாள், தண்ணீர் எடுத்தாள், அரிசி புடைத்தாள். ஆனால் பேசுவதை நிறுத்திவிட்டாள். சில நாளில் அவளுடைய ஜோடிக்காரி வீடு தேடி வந்தாள். ஒரு தறிக்கு இரண்டு பேர். அவள் குட்டையாக, உருண்டையாக இருப்பாள். அக்கா நெட்டை.

"வேற ஆளு போட முடியாதாம்மா. ஒவ்வொருத்தி கையும் ஒரு மாதிரி இறுக்குமாம். நடுவுல கை மாறுனா கம்பளம் கோணிக்கிருமாம். அப்படியே பாதியில நிக்குது," என்றாள் அம்மாவிடம்.

அன்று சாப்பாடு போடும்போது அம்மா சொன்னாள், "ஏங்க, நான் கூடப் போயி உக்காந்துக்கிறேன். என் கண்ணத் தாண்டி என்ன நடந்திரும்? அந்தக் கம்பளம் முடியுற வரைக்கும்தான்."

அப்பா யோசித்தார். ஒரு செக்கர் இன்னொரு செக்கரை நியமிப்பது அவருக்குப் பிடித்திருந்தது. "எது நடந்தாலும் எங்கிட்ட வந்து சொல்லணும்," என்றார்.

இப்படித்தான் முழுப்பரீட்சை லீவில் அம்மாவும் அக்காவும் நானும் தினமும் சென்டருக்குப் போனோம். அம்மா ஒரு மஞ்சள் பையும் குடையும் எடுத்துக்கொள்வாள். கதவோரம் கம்பளி மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மாஸ்டரை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டாள். அவர் "அம்மாஜி" என்று டீ கொடுத்தால் தொடமாட்டாள். அது ஆறி ஆடை படியும்.

கம்பளி வாடை எனக்கு முதலில் தும்மல் தந்தது. பிறகு பிடித்துப்போனது. நனைந்த ஆட்டு வாடையும் சாயவாடையும் கலந்த ஒன்று. வெயில் ஓட்டின் இடுக்கு வழியாக இறங்கும்போது துகள்கள் சிவப்பாகவும் நீலமாகவும் மிதக்கும். கம்பளத்தில் ஒரு தோட்டம் கீழிருந்து மேலே வளர்ந்துகொண்டிருந்தது. நடுவில் குளம், சுற்றி நெட்டையான மரங்கள். அது ஈரானில் கிர்மான் என்கிற ஊர்த் தோட்டம் என்றார் மாஸ்டர். அவரும் பார்த்ததில்லையாம்.

டீக்கடைக்காரர் சொன்னது உண்மைதான். அவர் தறிப்பக்கம் வந்தால் பெண்களின் தோளுக்கு மேலே குனிந்து, கம்பளத்தில் மூக்கு படுகிற மாதிரி முகத்தை வைப்பார். அப்போதெல்லாம் அம்மா குடையின் பிடியை இறுக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் அம்மா தண்ணீர் குடிக்க வெளியே போனாள். பையும் குடையும் மூட்டைமேல் சாய்ந்திருந்தன. மாஸ்டர் பக்கவாசல் வழியாக வந்தார். மூட்டையைப் பார்த்துக் கைகூப்பி, "நமஸ்தே அம்மாஜி," என்றார். பதிலுக்குக் கொஞ்சம் காத்திருந்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அம்மா கதவில் நின்று அதைப் பார்த்தாள்.

"குடிச்சிருக்கானா?" என்று என் காதில் கேட்டாள். பக்கத்தில் போய் மோந்தும் பார்த்தாள். வெற்றிலை வாசம்தான்.

மறுநாள் அம்மா ஒரு வேலை செய்தாள். வேலை தொடங்குமுன் அக்காவையும் ஜோடிக்காரியையும் இடம் மாறி உட்காரச் சொன்னாள். "ஏன்னு கேக்காதீக," என்றாள். எப்போதும் வலப்பக்கம் உட்காரும் அக்கா இடப்பக்கம் போனாள். நெட்டை இருந்த இடத்தில் குட்டை. மாஸ்டர் நிறங்களைச் சொல்லி முடித்து, வழக்கம்போல் வந்து வலப்பக்கம் குனிந்தார். அன்று ஏறிய வரிசைகளை விரலால் தடவினார். மறுபடி தடவினார். பிறகு, உருண்டையாகத் தன் முன்னால் உட்கார்ந்திருந்தவளிடம் அக்காவைக் கேட்கிற மாதிரிக் கேட்டார்.

"வலது, இன்னிக்கி உன் கை வேற மாதிரி இருக்கு. மறுபடி புகார் வந்துச்சா?" பெண்களை உட்காரும் பக்கத்தைச் சொல்லித்தான் அவர் கூப்பிடுவார். காய்ச்சலைத்தான் புகார் என்பார், அவர்கள் பாஷையில்.

ஜோடிக்காரி பயந்துபோய் அம்மாவைப் பார்த்தாள். அக்கா தறியைப் பார்த்தபடியே இருந்தாள். அம்மா மெதுவாக எழுந்து வந்து, மாஸ்டரின் முகத்துக்கு எதிரே, ஒரு கை தூரத்தில் விரல்களை ஆட்டினாள். அவர் கண் அசையவில்லை. விழிக்கு நடுவில் சாம்பல் நிறத்தில் பூ விழுந்திருப்பது அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. யாரோ அருகில் நிற்கிறார்கள் என்று உணர்ந்து அவர் சட்டென்று நிமிர்ந்தார். வியர்த்துவிட்டது.

"அம்மாஜி... ஆபீசுக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்," என்றார். அவ்வளவு திருத்தமாக அவர் தமிழ் பேசி அதற்குமுன் நாங்கள் கேட்டதில்லை.

அம்மா தன் இடத்துக்குப் போனாள். அன்று டீ வந்தபோது குடித்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அம்மா அக்காவிடம் கேட்டாள், "ஒனக்குத் தெரியுமாடி?"

"தெரியும். வந்த மொத மாசமே தெரியும். ராத்திரி பகலா மங்கல் வெளிச்சத்துல முடிஞ்சு முடிஞ்சு கண்ணு போயிருச்சாம். அந்தத் தாளு எல்லாம் அவருக்கு மனப்பாடம்மா. சும்மா கையில வச்சுக்கிறாரு."

"அப்ப, அன்னைக்கு அத்தன பேரு முன்னால நிக்க வச்சு கேட்டாங்களே. இந்த ஆளுக்கு என்னையவே யாருன்னு தெரியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா அவர அனுப்பிருவாங்க. ஊர்ல அவருக்கு மூணு பொண்ணு."

 தெரு முனை வந்ததும் அம்மா என் பக்கம் திரும்பி, "சின்னவளே, இது ஒங்கப்பா காதுக்குப் போகக்கூடாது," என்றாள்.

வைகாசியில் மாமா வந்தார். கல்யாணத்துக்கு நாள் குறிக்கலாம், ஆனால் அதற்குமுன் ஒன்று நடக்க வேண்டும் என்றார்.

"நாலு பேரு நாலு விதமாப் பேசுறாங்கக்கா. எனக்கொண்ணும் இல்ல. நம்ம கோயில்ல வந்து சூடத்த அணைச்சு, எந்தத் தப்பும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிரட்டும். அத்தோட முடிஞ்சது."

அப்பா தலையாட்டினார். "நாயந்தான. சுத்தமா இருந்தா சூடத்துக்கு என்ன பயம்?"

அக்கா அடுப்படி வாசலில் நின்றாள். அவள் வாய் திறக்குமுன் அம்மா பேசினாள்.

"அவ பண்ண மாட்டா."

"என்னக்கா?"

"எம்மக சூடம் அணைக்க மாட்டா தம்பி. கூட ஒக்காந்து பாத்தவ நானு. நான் சொல்றேன், ஒண்ணுமில்ல. அதுவும் பத்தலன்னா, இன்னைக்குச் சூடம் கேட்ட நீ நாளைக்கு வேற எதையாச்சும் கேப்ப. நீ வேற எடம் பாத்துக்க."

மாமாவின் முகம் வெளுத்துவிட்டது. தன் அக்கா தன்னை வேண்டாம் என்பாள் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார். முன்னால் இருந்த மோரைக்கூடத் தொடாமல் எழுந்து போனார். அதற்கப்புறம் எங்கள் வீட்டுப் படியை அவர் மிதித்தது அம்மாவின் சாவுக்குத்தான்.

அப்பா அம்மாவிடம் கேட்டார். "இம்புட்டு நிச்சயமா எப்படிச் சொல்ற? அங்க என்ன பாத்த?"

"பாத்தேன். அவ்வளவுதான்."

"எங்கிட்ட சொல்லணும்னு சொல்லித்தான விட்டேன்."

"சொல்ற மாதிரி ஒண்ணுமில்லீங்க."

அந்தக் கணத்திலிருந்து அப்பாவின் சந்தேகம் மாஸ்டரை விட்டு இறங்கி அம்மாமேல் ஏறிக்கொண்டது. இந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த எதுவோ தனக்கு மட்டும் தெரியவில்லை என்பதை அவர் மோப்பம் பிடித்துவிட்டார். என்னைத் தனியே கூப்பிட்டு மிட்டாய் வாங்கித் தந்து கேட்டார். நான் மிட்டாயைத் தின்றுவிட்டுத் தெரியாது என்றேன்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை கம்பளத்தைத் தறியிலிருந்து அறுத்தார்கள். ஊரில் பாதி கூடியிருந்தது. கத்தி பட்டதும் இழுத்துக் கட்டியிருந்த நூல்கள் டப் டப்பென்று தெறித்தன. முற்றத்தில் விரித்தபோது அந்தத் தோட்டத்தை முதல்முறையாக முழுசாகப் பார்த்தோம். சிவப்புத் தரை, நீலக் குளம். யாரும் அதன்மேல் கால் வைக்கவில்லை. அக்கா மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நடுவில் போய் உட்கார்ந்தாள். மாஸ்டர் முழங்காலிட்டு, ஓரத்தைப் புரட்டி, முதுகு முழுக்க உள்ளங்கையால் தடவிக்கொண்டே போனார். முகம் வேறு எங்கோ பார்த்தது.

அப்பாவும் வந்திருந்தார். வேப்பமரத்தடியில் தள்ளி நின்றார். மாஸ்டர் எழுந்து அவரைத் தாண்டிப் போகும்போது அப்பா பெருந்தன்மையாகத் தலையசைத்தார். மாஸ்டர் கவனிக்காமலே போய்விட்டார்.

"பாத்தியா, பாத்தும் பாக்காத மாதிரி போறான். குத்தமுள்ள நெஞ்சு," என்றார் அப்பா. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கம்பளத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் வீட்டில் விரித்தார்களோ, தெரியாது. மாஸ்டர் மேலும் ஒரு வருஷம்போல இருந்துவிட்டு, உடம்பு முடியவில்லை என்று சொல்லி ஊருக்குப் போனார். அக்காதான் அவரைக் கைபிடித்து பஸ் ஏற்றிவிட்டாள். அவர் போன பிறகு நிறம் சொன்னது அவள்தான். சென்டர் மூடும்வரை சொன்னாள். பிறகு குளத்தூரில் ஒரு பள்ளிக்கூட கிளார்க்கைக் கட்டிக்கொண்டாள். எதுவும் கேட்காத மனிதர். இன்றும் இருவரும் சுகமாக இருக்கிறார்கள்.

அம்மா கடைசிவரை அப்பாவிடம் சொல்லவில்லை. அவள் போய்ச் சில வருஷங்கள் கழித்து, அப்பா என்னோடு இருந்தார். அவருக்கும் அப்போது கண்ணில் பூ விழுந்து ஆபரேஷன் முடிந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர் சொட்டு மருந்து விடப்போன என் கையைப் பிடித்தார்.

"சின்னவளே. ஒங்கம்மா அன்னைக்கு அந்தச் சென்டர்ல என்னத்தப் பாத்தா?"

இத்தனை காலம் அது அவருக்குள் உட்கார்ந்திருந்திருக்கிறது. மாஸ்டர் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பார், இனி யாருக்கும் நஷ்டமில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூட்டைக்குக் கும்பிடு போட்டது, இடம் மாறி உட்கார்ந்தது, ஆபீசுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்றது, அக்காவுக்கு முன்பே தெரிந்திருந்தது, எல்லாம்.

அப்பா கேட்டுக்கொண்டே இருந்தார். கோபம் வரும் என்று நினைத்தேன். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துப் போனது.

"எங்கிட்ட சொல்லியிருந்தா," என்று தொடங்கி நிறுத்தினார். "அன்னைக்குச் சாயந்திரமே பஸ் ஸ்டாண்டுல சொல்லியிருப்பேன். என் பொண்ணு மேல தப்பில்ல, அவன் குருடன்யா, ஆபீச ஏமாத்துறான்யான்னு ஒவ்வொரு பஸ்ஸா ஏறிச் சொல்லியிருப்பேன்."

பிறகு மருந்துக்காக முகத்தை அண்ணாந்து காட்டினார்.

"ஒங்கம்மாவுக்கு அது தெரிஞ்சிருக்கு," என்றார்.